மூடியின் விளிம்பு

வீட்டுப் பட்டறையில் சொந்தக் கையால் நீர்மூழ்கி கட்டுகிறவர்கள் மேலைநாடுகளில் இருக்கிறார்கள். எஃகைப் பற்றவைத்து, தடித்த அக்ரிலிக்கில் சாளரம் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பெல்லாம் ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும் இடம், தலைக்கு மேலுள்ள மூடியின் விளிம்பு.

மூடியின் குறுக்களவு 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 10 மீட்டர் ஆழத்தில் கடல் அதை ஏறத்தாழ 3 டன் எடையாக அழுத்தும். 100 மீட்டரில் 29 டன். உலோகத்தின் மேல் உலோகம் அமர்ந்து அந்தச் சுமையைத் தாங்கும். காடிக்குள் கிடக்கும் ரப்பர் ஓ-ரிங்குக்கு நீரைத் தடுப்பதே வேலை. மூடி வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், ஆழம் கூடக்கூட நீரே அதை இறுக்கிக்கொடுக்கும். இறுக்கம் போதாத மேல்மட்டத்தில்தான் ஒழுக்குக்கு வாய்ப்பு அதிகம். அதற்கு ஒரு தலைமுடி போதும், ஒரு மணல் துகள் போதும்.

ஆகவே விளிம்பைத் துடைக்க வேண்டும். வளையத்தை விரல்நுனியால் சுற்றித் தடவி, கீறல் கண்டால் மாற்ற வேண்டும். மெல்லக் கிரீஸ் பூசி, அப்புறமே மூட வேண்டும். நேற்றுத் துடைத்தது நேற்றோடு சரி.

1968 அக்டோபரில், அமெரிக்காவின் ஆல்வின் நீர்மூழ்கியைக் கடலில் இறக்கும்போது கம்பிவடம் அறுந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளிருந்தவர்கள் தப்பினார்கள், கலம் சுமார் 1,500 மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டது. மறு ஆண்டு அதை மீட்டெடுத்துச் செப்பனிட்டார்கள். 2023 ஜூனில் டைட்டன் என்ற நீர்மூழ்கிக் கலத்தின் உடல் நொறுங்கியபோது ஐந்து பேர் மாண்டார்கள். அங்கே தவறியது மூடியன்று. ஆனால் அறிந்தவர்கள் முன்கூட்டியே விடுத்த எச்சரிக்கைகள் புறந்தள்ளப்பட்டிருந்தன.

வாழ்க்கையும் இப்படித்தான். துன்பமும் பதவியும் மனிதனை அழுத்தும் ஆழங்கள். நேர்மையாகப் பழகியவனை அவை மேலும் உறுதியாக்கும்; பழகாதவனிடம் வழி தேடி உள்ளே புகும். சிறு கணக்கில் சொன்ன பொய்யும், கேட்காமல் தள்ளிப்போட்ட மன்னிப்பும் விளிம்பில் ஒட்டிய மணல். அதைக் கரையிலிருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். இறங்கிய பின் கை எட்டாது. நம்மை நம்பி நம் கலத்துக்குள் மனைவியும் மக்களும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவேனும் இன்று ஒருமுறை விரலால் தடவிப் பார்ப்போம்.