கடைமடையில் நிற்கும் ஓட்டல்கள்

பாலித் தீவில், பத்தூர் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் உலுன் தானு பத்தூர் கோயில் இருக்கிறது. அங்கே குடிகொண்டிருப்பவள் ஏரியின் தெய்வமான தேவி தானு. ஆண்டுப் பெருவிழா வந்தால் கீழ்நாட்டு விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மலையேறி வருகிறார்கள். அரிசி, தேங்காய், வாத்து, பன்றி என்று அவர்கள் சுமந்து வருவது அவரவர் மனம்போலக் கொடுக்கும் காணிக்கை அல்ல. எந்தப் பாசனக் குழு என்ன தர வேண்டும் என்பது கோயிலின் பழைய ஓலைகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பங்குக்குச் 'சுவினி' என்று பெயர். சுவினியைச் செலுத்துகிறவர்கள் கோயில் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். வாய்க்கால் நீர் வயலுக்குள் நுழையும் தலைமடையில் ஒரு சிறு சன்னதி இருக்கும். தீர்த்தம் அங்கே சேர்கிறது.

பாலியின் படிக்கட்டு வயல்களைப் பணம் கொடுத்துக் காப்பாற்றலாமா என்று பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கு வழக்கைத்தான். ஏனென்றால் அந்தப் பேச்சில் ஒரு தயக்கம் எப்போதும் குறுக்கே வந்து நிற்கிறது. நெல்லை, நெல் தெய்வமான தேவி ஸ்ரீயின் உடலாக நினைத்து வளர்க்கிற மக்களிடம், உங்கள் உழவுக்கு மாதம் இவ்வளவு என்று பேசுவது அபச்சாரம் ஆகாதா? வழிபாடாகச் செய்யும் வேலைக்குக் கூலி வந்துவிட்டால் அது வெறும் வேலையாகிவிடாதா? நேர்மையான தயக்கம்தான். ஆனால் பாலியின் சமயம் பணத்தையும் பங்கையும் அப்படித் தள்ளி வைத்த சமயம் அல்ல.

அங்கே பாசனக் குழுவைச் 'சுபாக்' என்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அதன் தடம் இருக்கிறது. இன்று தீவில் சுமார் 1,200 சுபாக்குகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 50 முதல் 400 விவசாயிகள் வரை இருப்பார்கள். ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே சுபாக். அதன் தலைவர் 'பெக்காசே'. குழுவின் சட்டதிட்டத்துக்கு 'அவிக்-அவிக்' என்று பெயர். வாய்க்கால் தூர்வாருவது, கோயில் திருவிழா, மடை காவல் எல்லாம் அதில் அடக்கம். வேலைக்கு வராதவருக்குத் தண்டம் உண்டு. நேரில் வந்து உழைக்க முடியாத உறுப்பினர், உழைப்புக்கு ஈடாக நெல்லோ பணமோ கட்டலாம் என்றும் பல சுபாக்குகளில் விதி இருக்கிறது.

நீரைப் பிரிக்கும் கருவியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் ஏமாற்றும் அளவுக்கு எளிமையானது. வாய்க்காலின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதன் மேல் விளிம்பில் விரற்கடை கணக்கில் வெட்டிய பள்ளங்கள். இரண்டு பங்கு உள்ளவருக்கு இரட்டை அகலம், ஒரு பங்கு உள்ளவருக்கு அதில் பாதி. ஆற்றில் வெள்ளம் போனாலும் வறண்டு ஓடினாலும் விகிதம் மாறாது. யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை வரப்பில் நடந்துபோகிற சிறுவனும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இதற்கும் மேலே ஒரு சிக்கல் இருக்கிறது. தலைமடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் நீரை மறித்துக்கொள்ளலாம். கடைமடைக்காரர் என்ன செய்ய முடியும்? தமிழ்நாட்டு டெல்டாவில் யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லாத கேள்வி இது. பாலியில் இதற்கு விடை தேடியவர் அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங். கடைமடைக்காரரின் கையிலும் ஒரு பிடி உண்டு என்று அவர் கண்டார். அது பூச்சி. பக்கத்துப் பக்கத்து வயல்கள் வெவ்வேறு காலத்தில் விளைந்தால் புகையானும் எலியும் ஒரு வயலிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் அறுத்து, ஒரே சமயத்தில் வயலைத் தரிசாகவோ நீர் கட்டியோ போட்டுவைத்தால் பூச்சிக்கு இரை கிடைக்காது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் தண்ணீர் வேண்டும். பூச்சிப் பயத்துக்காகத் தலைமடைக்காரர் விட்டுக்கொடுக்கிறார். கடைமடைக்காரர் அதற்கேற்ப நடவைத் தள்ளிப்போட்டோ முன்னே இழுத்தோ ஒத்துப்போகிறார். இந்தப் பேரம் நீர்க்கோயில் கூட்டங்களில் முடிவாகும்போது அது திருவிழா நாள்காட்டியாக வெளியே வருகிறது.

1970களில் பசுமைப் புரட்சி வந்தது. ஆறு மாதம் வரை நிற்கும் நாட்டு நெல் போய், குறுகிய கால ஐஆர் ரகங்கள் இறங்கின. எவ்வளவு அடிக்கடி முடியுமோ அவ்வளவு அடிக்கடி நடுங்கள் என்று அரசு சொன்னது. கோயில் நாள்காட்டி சடங்கு விவகாரமாக ஒதுக்கப்பட்டது. முதலில் விளைச்சல் கூடியது. பிறகு ஒழுங்கு குலைந்தது. ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் நட்டார். புகையான் பரவியது, துங்ரோ நோய் வந்தது, மருந்தடிப்பு பெருகியது. 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் பாலி பாசனத் திட்டம் தொடங்கியபோதும் நீர்க்கோயில்களுக்கு அதில் இடம் இல்லை. லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் ஊஸ், பெத்தானு ஆறுகளில் உள்ள 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியில் வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு சுபாக்கும் தன்னிச்சையாக நட்டால் பூச்சி தின்றது. எல்லாமே ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதவில்லை. கோயில்கள் ஏற்கனவே வகுத்து வைத்திருந்த அளவில் கூடி நட்டபோதுதான் விளைச்சல் உச்சத்துக்குப் போனது. லான்சிங்கின் நூல் 1991இல் வெளிவந்தது. கோயில்களின் பங்கை வளர்ச்சி வங்கியின் மதிப்பீட்டாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

சடங்கெல்லாம் வேளாண் அறிவியலின் மாறுவேடம்தான் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. தேவி தானுவை நம்புகிற விவசாயி பூச்சிக் கட்டுப்பாட்டுக்காக மலையேறவில்லை. தன்னுடைய நீர் தான் உண்டாக்கியது அல்ல, பெற்றுக்கொண்டது என்று அவர் கருதுகிறார். பெற்றுக்கொண்டவர் கடன்பட்டவர். பாலி இந்துக்கள் மூன்று கடன்களைப் பேசுகிறார்கள். தெய்வத்துக்கு, முன்னோருக்கு, ரிஷிகளுக்கு. கடனைத் தீர்க்கும் செயலே வேள்வி. சுவினி இந்த இடத்திலிருந்து பிறக்கிறது. கடன் என்பதால்தான் அதற்கு அளவும் தவணையும் இருக்கின்றன. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்ற பதிவும் இருக்கிறது.

2012இல் யுனெஸ்கோ ஐந்து இடங்களில் பரவிய 19,500 ஹெக்டேர் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தெய்வம், மனிதர், நிலம் என்ற மூன்று உறவுகளின் இசைவைச் சொல்லும் 'திரி ஹித கரணா' என்ற தத்துவத்தின் வெளிப்பாடாகச் சுபாக்கை அது முன்வைத்தது. அந்தச் சொற்றொடர் 1960களில் வழக்குக்கு வந்தது. சுபாக் அதற்குப் பல நூறு ஆண்டு மூத்தது. அதே 2012இல் மாகாண அரசும் சுபாக்குக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது.

பெருமை வந்தது, சுற்றுலாப் பேருந்துகளும் வந்தன. தபனான் மாவட்டத்து ஜாதிலுவியில் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு வயலைப் பார்க்கலாம். ஆனால் வயல் வைத்திருப்பவரின் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. பாலி விவசாயியின் சராசரி நிலம் அரை ஹெக்டேரைத் தொடாது. பலர் வாரத்துக்கு உழுகிறவர்கள், நிலம் இன்னொருவர் பெயரில். பக்கத்தில் ஒரு வில்லா எழுந்தால் நில மதிப்பு ஏறுகிறது, அதோடு சொத்து வரியும் ஏறுகிறது. நெல் விலை அப்படி ஏறுவதில்லை. மகன் ஓட்டலில் வேலை பார்த்தால் நிச்சயமான சம்பளம். இந்த நிலையில் விற்பவரைக் குறை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. செமின்யாக்கும் சங்குவும் அப்படித்தான் வயலிலிருந்து வில்லாவாக மாறின. நடுவில் ஒரு வயல் விற்றுப்போய்க் கட்டடம் எழும்பினால் அதற்குக் கீழே உள்ள வாய்க்கால் அறுந்துபோகிறது. அடுத்தவரும் விற்கத்தான் வேண்டியிருக்கிறது.

இதற்குப் பொருளியல் நேரான தீர்வு ஒன்றைச் சொல்கிறது. வயலின் அழகு ஊருக்கே பயன்படுகிறது, ஆனால் அதற்கு விவசாயி காசு வாங்குவதில்லை, ஆகவே கொடுங்கள் என்கிறது. சுவிட்சர்லாந்து 1996இல் பொது வாக்கெடுப்பின் மூலம் நிலப்பரப்பைப் பேணுவதையும் விவசாயத்தின் கடமையாக அரசமைப்பில் எழுதி, அதற்கு நேரடி மானியம் தருகிறது. ஜப்பான் 2000 முதல் மலைச்சரிவு விவசாயிகளுக்குத் தனித் தொகை தருகிறது. இவை உழவரை நிலத்தில் நிற்கவைக்க உதவிய ஏற்பாடுகள். அலட்சியமாக ஒதுக்க முடியாதவை.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களுக்கும் வலுவான துணை உண்டு. ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1785இல் விலையையும் மாண்பையும் பிரித்தார். விலை உள்ள பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைத்துவிடலாம், மாண்பு உள்ளதற்கு ஈடே கிடையாது. அவர் பேசியது மனிதரைப் பற்றி. ஆனால் தெய்வத்துக்கு வளர்த்த கதிரிலும் அப்படியொரு மாண்பைக் காண்கிறவர்கள், காட்சிக்குக் காசு என்றதும் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. காட்சிக்குக் காசு கொடுத்தால் சாலையோரத்து வயலுக்குத்தான் போகும். மேட்டில், கேமராவுக்கு எட்டாத இடத்தில், ஊற்றுக்கண்ணைத் தூர்வாருகிற சுபாக்குக்கு ஒன்றும் சேராது. உழவர் காட்சித் தோட்டத்தின் காவல்காரராகிவிடுவார்.

சுவினி இந்த இரண்டு நிலைக்கும் வெளியே நிற்கிறது. அது அழகுக்குக் கொடுத்த விலையும் அல்ல, இரக்கப்பட்டுக் கொடுத்த தானமும் அல்ல. ஒரே நீரில் வாழ்கிறவர்கள் பங்குப்படி தீர்க்கும் கடன். அப்படிப் பார்த்தால் தென் பாலியின் ஓட்டல்கள் யார்? அவர்களுடைய ஆழ்துளைக் கிணற்றுக்கு நீர் வருவது மேட்டில் பெய்த மழையிலிருந்து. படிப்படியாக நீர் தேங்கி நிலத்துக்குள் இறங்கும் வயல்களுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்களுடைய விருந்தினர் பார்க்க வருவதும் அந்த வயல்களைத்தான். கடைமடையில், எல்லோருக்கும் கீழே, அதிகம் எடுத்துக்கொண்டு நிற்கிற உறுப்பினர்கள் அவர்கள். உழைக்க வர முடியாதவர் ஈடு கட்ட வேண்டும் என்ற சுபாக் விதி அவர்களுக்கும் பொருந்தும். அவர்களிடம் வாங்குவதால் எந்தப் புனிதமும் கெடாது. வாங்காமல் விடுவதுதான் கோயிலின் பழைய கணக்குக்கு விரோதம்.

இந்தப் பார்வையில் பணம் போகும் வழியும் மாறுகிறது. எவ்வளவு அழகு என்பதைப் பார்க்காமல் எவ்வளவு நீர் எடுத்தார் என்பதைப் பார்த்துத் தொகை நிர்ணயமாகும். அது தனி நில உடைமையாளர் கைக்குப் போகாமல் சுபாக்கின் பொதுப் பெட்டிக்குப் போகும். வாரத்துக்கு உழுகிறவரும் அங்கே உறுப்பினர் என்பதால் அவருக்கும் பேச இடம் உண்டு. கடினமான பகுதி மூன்றாவது. பங்கு கட்டுகிற உறுப்பினர் அவிக்-அவிக்குக்கும் கட்டுப்பட்டவர். வாய்க்காலை மறித்து மதில் கட்டக் கூடாது, வறட்சியில் நீரைக் குறை என்றால் குறைக்க வேண்டும். ஐந்து நட்சத்திர ஓட்டலின் மேலாளர் பெக்காசே கூப்பிட்ட கூட்டத்துக்கு வர வேண்டும். காசோலை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ள இதில் இடம் இல்லை.

2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது பாலியின் பொருளாதாரம் 9 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. வேலை இழந்த ஓட்டல் ஊழியர் பலர் ஊருக்குத் திரும்பி மண்வெட்டி எடுத்தார்கள். வயலும் வாய்க்காலும் இன்னும் இருந்த ஊர்களில்தான் அது முடிந்தது. 2024 பிப்ரவரி 14 முதல் ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணியிடமும் மாகாண அரசு 1,50,000 ரூபியா வாங்குகிறது, பண்பாட்டையும் சூழலையும் காப்பதற்கென்று சொல்லி. ஆக, பணம் வாங்கும் ஏற்பாடு வந்துவிட்டது. அதில் எந்தச் சுபாக்குக்கு எவ்வளவு, எந்த ஊற்றைத் தூர்வார எவ்வளவு, எந்த வயலின் சொத்து வரியை ஈடுகட்ட எவ்வளவு என்று பெயர்வாரியாக எழுதி ஊரறியப் படிக்க வேண்டும். பத்தூர் கோயிலின் ஓலைகள் கீழ்நாட்டுச் சுபாக்குகளுக்கு அந்த முறையைத்தான் வைத்திருக்கின்றன. ஓட்டல்களின் பெயரும் நிலுவையும் அதே பட்டியலில் ஏறட்டும்.