பரிசலில் முன் இருக்கை

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாக முடைந்து, அந்தக் காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்திய பெரிய கூடை, அவ்வளவுதான். காவிரியில் தண்ணீர் நிதானமாக ஓடிய ஒரு ஞாயிறன்று திருச்சி காட்டூர் நண்பர்கள் நாங்கள் நாலைந்து பேர் அதில் ஏறினோம். ஸ்ரீரங்கத்துக்குச் சற்று மேற்கே ஏறி, அம்மா மண்டபம் தாண்டி இறங்குவதாக ஏற்பாடு.

எங்களில் ஒருவர் பெல் தொழிற்சாலையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அவருக்குக் கீழே வெல்டராக இருந்தவர். இப்போது இருவருக்கும் ஒரே தெரு, ஒரே டீக்கடை. ஆனாலும் எங்காவது காரில் கிளம்பினால் டிரைவர் பக்கத்து இருக்கை 'சாரு'க்கு. யாரும் சொல்வதில்லை, தானாக நடக்கும். வெல்டர் கடைசி வரிசையில், முட்டி இடிக்க உட்காருவார். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் உறுத்தல்: வேலை முடிந்தும் பதவி முடியாது என்றால், இதை நட்பு என்று எந்தக் கணக்கில் சொல்வது?

பரிசல்காரருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "ஐயா கனமா இருக்கீங்க, எனக்கு எதிர்ப்பக்கம் உக்காருங்க. ஒல்லியா இருக்கிறவங்க இப்படி வாங்க" என்றார். எடை பார்த்து இடம். சார் மறுபேச்சில்லாமல் போய்க் குந்தினார்.

துடுப்பு நின்றால் பரிசல் சுழலத் தொடங்கிவிடும். மலைக்கோட்டை ஒருவர் முகத்துக்கு நேரே வந்து, அவர் முதுகுப்பக்கம் போகும். அந்த இடத்துக்கு ராஜகோபுரம் வரும். 236 அடிக் கோபுரம் முழுமை பெற்றது 1987இல்தான். மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோ 1,300 வயதுக்கு மேல். சிவனுக்கு ஆறுகள் மேல் ஆசை, காவிரியிடமும் மனம் போய்விடுமோ என்று பார்வதி அந்த மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம். அந்தக் குகைக் கல்வெட்டு அப்படிச் சொல்கிறது. இதை எங்களுக்குச் சொன்னவர் வெல்டர். அதோடு நிற்கவில்லை. 1752இல் பிரெஞ்சுத் தளபதி லா, தன் கூட்டாளி சந்தா சாகிப்போடு இந்த ஸ்ரீரங்கத் தீவில் மாட்டிக்கொண்டதை, கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தை ஆங்கிலேயப் படையின் கிளைவ் பிடித்து வழியை அடைத்ததை, கடைசியில் லா சரணடைந்ததை, கரையைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இத்தனை வருஷம் பின் இருக்கையிலிருந்து இதையெல்லாம் யாரிடம் சொல்லியிருப்பார்?

பரிசலில் எல்லாரும் சமம் என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் துடுப்பு போட்டவரிடம் நாங்கள் கூலியைத் தவிர எதுவும் பேசவில்லை. காலிப் பரிசலானாலும் ஓட்டத்தை எதிர்த்துத் தள்ளுவது பெரும்பாடு. நாங்கள் இறங்கியதும் அவர் அதைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வந்த வழியே கரையோடு நடந்தார்.

காரில் முன் இருக்கை மறுபடி சாருக்குத்தான். வெல்டரே கதவைத் திறந்துவிட்டார். ஆனால் பால்பண்ணை வரும்வரை சார் நேராக உட்காரவில்லை. உடம்பைப் பாதி திருப்பி, சந்தா சாகிப்பின் கதி என்ன ஆயிற்று என்று பின்னால் கேட்டுக்கொண்டே வந்தார்.