திருமுடியும் ஒப்பனை அறையும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் நள்ளிரவை ஒட்டி ‘பாலே’ தொடங்கும். புராணக் கதை, வண்ணத் திரைச்சீலைகள், நொடியில் மாறும் காட்சிகள், ஒலிபெருக்கி அலறும் பாட்டு என்று விடியும்வரை கூட்டம் கலையாது. தேவி வேடம் கட்டியவர் தன் காட்சி முடிந்ததும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் கட்டன் சாயா குடித்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதே ஊர்க்காரர்கள் வெள்ளாயணி தேவி கோயிலின் காளியூட்டு விழாவுக்குப் போகும்போது நிலைமை வேறு. தேவியின் பொன் திருமுடியைத் தலையில் ஏந்தி வரும் தலைமைப் பூசாரியான மூத்தவாத்தியின் முன் கைகூப்பி நிற்பார்கள். அவரிடம் சாயா நீட்ட ஒருவருக்கும் தோன்றாது.

இரண்டு இடத்திலும் மனிதர்தான் தேவியாக வருகிறார். ஒன்று நாடகம், மற்றொன்று வழிபாடு என்று ஊர் எதை வைத்துப் பிரிக்கிறது?

பல்கலைக்கழக நாடகத் துறைகளை ஒவ்வொரு கோடையிலும் துரத்தும் கேள்வி இது. தேர்வு முடிந்த கையோடு பட்டறை, பயிற்சி, அரங்கேற்றம் என்று களம் சூடுபிடிக்கும்போது, சடங்குகளிலிருந்து அடவும் தாளமும் ஒப்பனையும் எடுத்தாளப்படுகின்றன. சாமி வரும் ஆட்டத்தை ஒத்திகை பார்க்க முடியுமா? ஒத்திகை பார்த்து வரவழைத்தது சாமிதானா?

காளியூட்டில் ஒத்திகைக்கு இடமில்லை என்று நினைப்பது தவறு. வெள்ளாயணியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கும் மேலாக அந்த விழா நடக்கிறது. தேவி திக்குபலி என்னும் சடங்குக்காக ஊர் ஊராகப் போகிறாள். வீட்டுவாசலில் நெல் நிறைத்த பறை வைத்து மக்கள் வரவேற்கிறார்கள். கடைசியில் பறணேற்று. உயரமாகக் கட்டிய பரண்மேல் காளியும் தாரிகன் என்ற அசுரனும் வாக்குவாதம் செய்து போரிடுவார்கள். பிறகு நிலத்தில் போர், தாரிக வதம். வசனம் உண்டு, அசைவு உண்டு, எப்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. ஆவேசம் என்பது கட்டுப்பாடற்ற வெறி அல்ல. தலைமுறை தலைமுறையாகத் தீட்டப்பட்ட ஒழுங்குக்குள்தான் அது இறங்குகிறது. ஆகவே பயிற்சி இருக்கிறதா இல்லையா என்பது பிரிக்கும் கோடு ஆகாது.

நடிப்பவரின் நம்பிக்கைதான் கோடு என்று சொல்லிப் பார்க்கலாம். அதுவும் நிற்காது. காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் முப்பத்தொரு நாள் ராமலீலை நடக்கிறது. ராமனாகவும் சீதையாகவும் வேடமிடுபவர்கள் குரல் உடையாத சிறுவர்கள். தலையில் கிரீடம் ஏறிவிட்டால் அவர்கள் தெய்வ வடிவம். காலைத் தொட்டுக் கும்பிடுவார்கள், ஆரத்தி எடுப்பார்கள், தோளில் சுமந்து போவார்கள். அந்தப் பையன் அந்த நேரத்தில் பசியைப் பற்றி நினைக்கிறானா, பரம்பொருளைப் பற்றி நினைக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. 1970களில் அங்கே தங்கிப் பார்த்த அமெரிக்க நாடக அறிஞர் ரிச்சர்ட் ஷெக்னர் இதிலிருந்து ஒரு கருத்துக்கு வந்தார்: நடிப்பவன் ராமனும் இல்லை, ராமன் இல்லாதவனும் இல்லை. அவன் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான்.

அந்த நடுவிடத்தை உண்டாக்குவது நடிகனின் மனம் மட்டுமல்ல. அவன் ஏற்ற விரதமும் அவனுக்குப் பறை நிறைக்கும் ஊரும் சேர்ந்து உண்டாக்குகின்றன. இரு தரப்பும் ஒருவருக்கொருவர் பட்டிருக்கும் கடன் அது. பாலே குழுவுக்குப் பேசிய தொகையைக் கொடுத்து அனுப்பினால் கணக்கு முடிந்துவிடும். திருமுடி ஏந்தியவரோடு ஊருக்குள்ள கணக்கு அப்படி முடிவதில்லை.

அந்தக் கடனை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துப்போனால்? ஆங்கில நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1985இல் பிரான்சின் அவிஞோன் விழாவில், ஒரு கல் குவாரியில், ஒன்பது மணிநேரம் மகாபாரதத்தை அரங்கேற்றினார். உலகம் வியந்தது. ருஸ்தம் பரூச்சா போன்ற இந்திய விமர்சகர்களோ, மண்ணிலிருந்து பிடுங்கிய கதை என்று கடுமையாகச் சாடினார்கள். தமிழ்நாட்டில் பாரதக்கூத்து திரௌபதியம்மன் கோயில் விழாவோடு பின்னியது. துகிலுரியும் காட்சிக்கு முன் துச்சாதன வேடக்காரர் அம்மனிடம் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. எந்த அரங்குக்கும் கதையைக் கொண்டுபோகலாம். அந்தக் கற்பூரத்தை யாரிடம் காட்டுவது என்பதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கலை நன்கு அறிந்தவர்கள் நாடகத் துறைகளைக் கட்டியவர்கள்தான். காளியூட்டுக்குப் பேர்போன சார்க்கரை கோயில் உள்ள சிறயின்கீழ்ப் பகுதியில் 1930இல் பிறந்தவர் ஜி. சங்கரப்பிள்ளை. 1967இல் சாஸ்தாங்கோட்டையில் நாடகக் களரியைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். பின்னர் கோழிக்கோடு பல்கலைக்கழகம் திருச்சூரில் அமைத்த நாடகப் பள்ளியின் முதல் இயக்குநர். தமிழ் நவீன நாடகத்தின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் 1977 காந்திகிராமப் பட்டறையில் அவரோடு தோள்கொடுத்தவர் நாங்குநேரிக்காரரான சே. இராமானுஜம். திருச்சூரில் கற்பித்த இராமானுஜம் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறைக்கு வந்தார்.

அவர் செய்த காரியங்களில் ஒன்று இந்தக் கேள்விக்கு நேராக வருகிறது. நாங்குநேரிக்குப் பக்கத்தில், மகேந்திரகிரி மலையடிவாரத்தில் திருக்குறுங்குடி. அங்குள்ள நம்பி பெருமாள் கோயிலில் கார்த்திகை வளர்பிறை ஏகாதசி இரவில் கைசிக நாடகம் நடக்கும். முன்பு தேவதாசியர் ஆடியது. அந்த முறை ஒழிந்தபின் தேய்ந்து கிடந்தது. நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் இராமானுஜமும் சேர்ந்து 1999இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தார்கள். பழைய சுவடிகளையும் நினைவில் மிஞ்சிய பாடல்களையும் தேடிச் சேர்த்த பேராசிரியர், நாடகத்தை வளாகத்துக்கு எடுத்துப் போகவில்லை. தன் தொழில்திறனைக் கோயிலுக்குக் கொண்டுபோனார். ஆடுபவர்கள் விரதம் இருந்து, நம்பியின் சன்னிதியில், அதே இரவில்தான் ஆடுகிறார்கள்.

கதையும் கடன் பற்றியதுதான். பாணர் குலத்து நம்பாடுவான் ஏகாதசி விரதத்தில் பாடப் போகிறான். வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். “பாடிவிட்டு வருகிறேன், பிறகு தின்னு” என்று சத்தியம் செய்கிறான் நம்பாடுவான். ஒன்றல்ல, பதினெட்டுச் சத்தியம். கோயிலுக்குள் நுழைய முடியாத அவன் வெளியே நின்று பாட, அவன் பார்வைக்குக் குறுக்கே நின்ற கொடிமரம் விலகுகிறது. சொன்னபடி அரக்கனிடம் திரும்பி வருகிறான். அதுவரை உடம்பைக் கேட்ட அரக்கன் இப்போது பாட்டின் பலனைக் கேட்கிறான். அதைப் பெற்றுச் சாபம் நீங்குகிறான்.

இராமானுஜத்துக்கு அந்தச் சடங்கில் பரம்பரை உரிமை எதுவும் இல்லை. கடனைத் தானாக ஏற்றுக்கொண்டார். கோடைப் பட்டறைக்கு இதில் பாடம் இருக்கிறது, சங்கடமும் இருக்கிறது. பெரும்பாலான துறைகளில் எம்.ஏ. இரண்டாண்டுப் படிப்பு, வெள்ளாயணிக் காளியூட்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை. பறணேற்றின் அசைவுகளை வகுப்பில் கற்ற மாணவர் அங்கே ஒரு காளியூட்டைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிப் போய்விடலாம்.

மறுபக்கமும் பேசவேண்டும். பல்கலைக்கழகம் குலம் கேட்டு வேடம் கொடுப்பதில்லை. கோயில் கலைகளில் யார் எதை ஏந்தலாம் என்பதைப் பிறப்புதான் காலங்காலமாகத் தீர்மானித்தது. நெய்யாற்றின்கரைக்கு அருகே அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார் நாராயண குரு. ஈழவருக்கு அந்த உரிமை ஏது என்று கேட்டவர்களிடம், தான் நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று சொன்னதாக வழங்குகிறது. பிறப்பு தராத உரிமையைத் தவத்தால் எடுத்துக்கொண்டவர் அவர். திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர அதன்பின் 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே கேள்வி இப்போது நாடகத் துறையை விட்டு ஊரைப் பார்த்துத் திரும்புகிறது. பாறசாலைப் பக்கத்து மாணவி ஒருத்தி, பரம்பரைப் பாத்தியதை எதுவும் இல்லாதவள், வாத்தியிடம் வந்து சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: முறைப்படி விரதம் இருக்கிறேன், ஒவ்வொரு காளியூட்டுக்கும் திரும்பி வருகிறேன், கற்றுத் தாருங்கள் என்று. கடன்தான் கோடு என்றால் அவள் கோட்டுக்கு உள்ளே நிற்கிறாள். அவளுக்கு ஊர் பறை நிறைக்குமா?