சொல்லலும் சொல்லாமையும்: வன்முறைக்குப் பின்னான பெண்வாழ்வைப் பேசும் நாவல்கள் எழுப்பும் அறவினா

முன்னுரை

குற்றத்தாலும் போராலும் சிதைந்த பெண்வாழ்வைக் கூறும் நாவல்கள் துயரத்தைப் பதிவுசெய்வதோடு அமைவதில்லை. அத்துயரத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு உரியது என்னும் அறவினாவையும் அவை எழுப்புகின்றன. பாதிக்கப்பட்டவள் வாய்திறந்தால்தான் நீதி பிறக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. பேசவைப்பது அவளை மீண்டும் புண்படுத்தும் என்பது மற்றொரு சாரார் கருத்து. இம்முரணைப் பெங்களூருவில் வாழும் சசி தேஷ்பாண்டே, அனிதா நாயர் ஆகியோரின் ஆங்கில நாவல்களையும், ஜெயகாந்தன், தமிழ்க்கவி, ஸர்மிளா ஸெய்யித் ஆகியோரின் தமிழ் நாவல்களையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

துயரின் நிலைக்களன்கள்

போரிலும் வன்முறையிலும் சிக்கியவர்களின் உளக்காயம் 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோய் வகைப்பாட்டில் தனிப்பெயருடன் இடம்பெற்றது. அதிலிருந்து மீளும் வழியைப் பாதுகாப்பு, நினைவுகூர்ந்து இரங்கல், மீண்டும் உறவில் இணைதல் என மூன்று படிகளாக ஜூடித் ஹெர்மன் 1992இல் விளக்கினார். நினைவுகூர்தலுக்கு முன்னதாகப் பாதுகாப்பு வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது.

தமிழ் மரபில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்படுதல் இளிவு. சுற்றத்தையும் உரியவற்றையும் இழத்தல் இழவு. பண்டைய நிலை கெடுதல் அசைவு. இப்பகுப்பு இந்நாவல்களை நோக்கத் துணைசெய்கிறது. குற்றத்தைப் பேசும் நாவல்களில் இளிவு மேலோங்குகிறது. போரைப் பேசுவனவற்றில் நான்கும் ஒருசேரக் காணப்படுகின்றன. இளிவு மற்ற மூன்றினின்றும் வேறுபட்டது. அது பிறர் பார்வையால் பிறப்பதாதலின், சொல்லும்போது பெருகவும் கூடும்.

பேச இயலாதவளுக்காகப் பேசுதல்

சசி தேஷ்பாண்டேயின் ‘தி பைண்டிங் வைன்’ (1993) நாவலில் வன்புணர்வுக்கு ஆளான கல்பனா மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறாள். நடந்ததை மறைக்க வேண்டும் என்று மன்றாடுகிறாள் தாய் சகுதாய். மகளின் எதிர்காலமும் குடும்பத்தின் மானமும் அவள் அச்சத்துக்குக் காரணங்கள். தன் குழந்தையை இழந்த துயரிலிருக்கும் ஊர்மிளாவோ உண்மை வெளிவர வேண்டும் எனக் கருதுகிறாள். செய்தி இதழ்களுக்குச் செல்கிறது. குற்றவாளி சிற்றன்னையின் கணவனே என்பது தெரியவரும்போது, அச்சிற்றன்னை தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். மறைத்தல் குற்றவாளிக்குக் காப்பாகும் என்பதையும், வெளிப்படுத்தல் புதிய துயரை விளைவிக்கும் என்பதையும் நாவல் ஒருங்கே காட்டுகிறது.

பெங்களூருவைக் களமாகக் கொண்ட அனிதா நாயரின் ‘லெசன்ஸ் இன் ஃபர்கெட்டிங்’ (2010) நாவலிலும் ஸ்மிருதி என்னும் இளம்பெண் நினைவிழந்து கிடக்கிறாள். தமிழகக் கடற்கரை ஊர் ஒன்றில் பெண்கருக் கொலையைப் பற்றி அறிய முயன்றதால் தாக்கப்பட்டவள் அவள். உண்மையைத் தேடி அலைபவர் தந்தை. ‘ஸ்மிருதி’ என்னும் பெயரே நினைவைக் குறிப்பது.

இரு நாவல்களிலும் பாதிக்கப்பட்டவளின் நினைவு அணைந்திருப்பதால், சொல்வதா சொல்லாதிருப்பதா என்னும் முடிவை அவளால் எடுக்க இயலவில்லை. அவள்பால் அன்பு கொண்டவர்களே அவளுக்காக முடிவெடுக்கின்றனர். அன்பு மட்டும் அவ்வுரிமையைத் தந்துவிடுமா என்பதே இவற்றின் உள்ளார்ந்த வினா எனலாம்.

பிறர் எழுதிய தன் கதை

கங்கையின் நிலை இதனின்றும் மாறுபட்டது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) சிறுகதையில், மழை நாளில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் மகளைத் தாய் நீராட்டித் தூயவள் எனத் தேற்றுகிறாள். செய்தி வீட்டைக் கடந்து செல்வதில்லை. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ (1970) நாவலில் தாய் வாய்விட்டு அலற, ஊர் அறிகிறது, அண்ணன் வெளியேற்றுகிறான், அடைக்கலம் தரும் மாமாவும் தவறான நோக்குடையவராகிறார். அந்த ஒரு நாளைக் காட்டிலும் அதன் பின்னான ஆண்டுகளே கங்கையை மிகுதியாக வருத்துகின்றன.

நாவலுக்குள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைக் கங்கை படிக்கிறாள். தன் வாழ்வு வேறொரு முடிவுடன் அச்சில் நிற்பதைக் காண்கிறாள். பிறர் சொன்ன கதை இங்குப் பாதிக்கப்பட்டவளின் சிந்தனையைத் தூண்டுகிறது. எனினும் அக்கதையின் கனிவு அவளுக்கு வாழ்வில் கிட்டியதன்று. தாயின் அமைதி காத்ததும், தாயின் ஓலம் அழித்ததும், கேட்ட சமூகத்தின் இயல்பால் நேர்ந்தவையே.

போருக்குப் பின்

தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013) ஈழத்து இறுதிப் போரின் இடப்பெயர்வைக் கூறுகிறது. பதுங்குகுழி தோண்டுவதும், பிள்ளைகளுக்கு உணவு தேடுவதும், மீண்டும் மூட்டைகட்டுவதுமாக நாள்கள் கழிகின்றன. அழுவதற்குக்கூட ஓய்வற்ற வாழ்வில் துயரைச் சமாளித்தல் என்பது அடுத்த வேளைக்கான உழைப்பாகவே உள்ளது. ஸர்மிளா ஸெய்யித்தின் ‘உம்மத்’ (2014) கிழக்கு மாகாண முஸ்லிம் பெண்ணான தவக்குல், முன்னாள் போராளிகளான யோகா, தெய்வானை ஆகியோரின் வாழ்வை இணைக்கிறது. களத்திலிருந்து திரும்பிய பெண்ணை ஊர் ஐயத்துடன் நோக்குகிறது. இங்கு அசைவுடன் இளிவும் சேர்கிறது. இப்பெண்களுக்குத் தம் கதையைச் சொல்வதினும், வருவாயும் அச்சமற்ற வாழ்விடமுமே முதல் தேவை. ஹெர்மன் கூறும் முதற்படி இதுவே.

உரிமையும் கடமையும்

சொல்லாமையைப் பெண்ணின் உரிமை என்று கொண்டால் ஒரு தடை எழும். இளிவுக்கு அஞ்சிக் காக்கும் அமைதியை விருப்பம் என எவ்வாறு கூறுவது? அத்தகைய அமைதியால் தப்பும் குற்றவாளி வேறொருத்தியையும் கெடுக்கக்கூடுமே? இத்தடை வலிமையானதே. ஆயினும் குற்றத்தைச் சொல்லுதல் வேறு. பாதிக்கப்பட்டவளை வெளிப்படுத்தல் வேறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1983இல் சேர்க்கப்பட்ட 228அ பிரிவு வன்புணர்வுக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதைக் குற்றமாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. அவர் எழுத்துவழி ஒப்புதல் அளித்தால் வெளியிடலாம் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. வழக்கு நடக்கும், பெயர் அவளுடையதாகவே இருக்கும். புனைபெயருக்குள் உண்மையை வைக்கும் நாவலும் இவ்வகையில் சட்டத்தோடு ஒத்த அறமுடையதாகிறது.

முடிவுரை

சொல்லலும் சொல்லாமையும் தம்மளவில் அறமோ பிழையோ ஆவதில்லை என்பது இந்நாவல்களால் பெறப்படுகிறது. சொல்ல வேண்டும் என்னும் கடமையைப் பாதிக்கப்பட்டவள்மீது சுமத்துதல் முறையன்று. அவள் சொன்னால் இகழாது கேட்கும் நிலையை உருவாக்குவது சமூகத்தின் கடமை. இளிவு குற்றவாளிக்கு உரியதாகி, அவளைவிட்டு நீங்கும் இடத்தில்தான் அவளது பேச்சும் அமைதியும் உண்மையான விருப்பங்களாகின்றன. அதுவரை அவளுக்காகப் பேசுவோர், எழுத்தாளர் உட்பட, தாம் பேசுவது அவளுடைய உரிமையைக் கடனாகப் பெற்றே என்பதை உணர்தல் வேண்டும்.