சேற்றுத்தரை விருந்தினர்



எரேமியாஸ் இறைவாக்கினர் தம் மக்களைக் கடிந்துகொள்ளும்போது ஆகாயத்துப் பறவைகளைச் சாட்சிக்கு அழைக்கிறார். நாரையும் காட்டுப்புறாவும் தாம் வரவேண்டிய காலத்தை அறிந்திருக்க, மக்களோ ஆண்டவருடைய நியமத்தை அறியாதிருக்கிறார்களே என்பது எட்டாம் அதிகாரத்தில் அவர் செய்யும் முறைப்பாடு.

இந்த முறைப்பாட்டை மன்னார்க் கரையில் நின்று வாசித்துப் பாருங்கள். புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் உள்ளான்களும் மூக்கான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே கூட்டங்கூட்டமாய் வந்திறங்குகின்றன. சைபீரியா முதலான வடதேசங்களில் குஞ்சு பொரித்து, அங்கே பனி விழுமுன் புறப்பட்டு, ஆசியாக் கண்டம் முழுவதையும் கடந்து வருகின்றன. இதற்கப்பால் தெற்கே வெறும் சமுத்திரமே. ஆகவே நமது தீவுதான் இவற்றின் பயணத்தில் கடைசி மடம்.

இச்சிறு உடல்களுக்கு ஆண்டவர் கொடுத்த வல்லமையை என்னென்பது! 2022ஆம் ஆண்டு ஐப்பசியில், பிறந்து ஐந்து மாதமேயான ஒரு பட்டைவால் மூக்கான், பசுபிக் சமுத்திரத்தின் மேலாக அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல் பறந்து முடித்தது. உடலில் பொருத்திய சிறு கருவியினால் இதை அறிந்துகொண்டார்கள். உண்ணாமல் பறப்பதற்கு வேண்டிய பலம் கொழுப்பாக உடலில் சேர்ந்திருக்கவேண்டும். அந்தக் கொழுப்பைக் கொடுப்பது கடல் வற்றும்போது வெளிப்படும் சேறு. அதிலுள்ள புழுக்களையும் சிறு நண்டுகளையும் சிப்பிகளையும் நீண்ட மூக்குள்ளது ஆழத்திலும் குறுகிய மூக்குள்ளது மேலேயும் கொத்தித் தின்னும். ஒன்றின் பங்கை மற்றது பறிப்பதில்லை. (காணிப் பங்கீட்டில் கோடேறும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்!)

வங்காலைச் சரணாலயத்தின் 4,839 ஹெக்டெயர் நிலம் 2010ஆம் ஆண்டு முதல் றம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகக் கொள்ளப்படுகிறது. இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் அங்கே கூடும். அந்த உடன்படிக்கை ஈரான் நாட்டின் றம்சார் நகரில் கையெழுத்தானது 1971 மாசி 2ஆம் நாள். திருச்சபையின் நாட்காட்டியிலே அது எந்த நாள்? குழந்தை யேசுவை ஆலயத்திலே காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். ஆட்டுக்குட்டி வாங்க வசதியற்ற சூசையப்பரும் தேவதாயும் இரண்டு பறவைகளைக் கொண்டுபோனார்கள் என்பது லூக்காஸ் தரும் செய்தி. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஏனெனில் களப்பும் சேறும் ஏழையின் வயல். உறுதி எழுதிய காணி இல்லாதவனும் அங்கே இறங்கி இறாலும் நண்டும் பிடித்து அன்றைய உலையை ஏற்றுகிறான். இறால் குஞ்சு வளர்வதும் பறவை மேய்வதும் ஒரே தரையில்தான். பறவைக்குச் சேறு இல்லாமற்போகும் நாளில் நமது வலையும் வெறுமையாகும்.

“வெறும் உவர்நிலம், ஒன்றுக்கும் உதவாதது” என்று சொல்லி அதில் லொறி லொறியாய்க் கல்லும் மண்ணும் கொட்டுகிறோம். வீட்டுக் குப்பையையும் பொலித்தீனையும் சேர்த்துக் கொட்டுகிறோம். உதவாது என்று தீர்ப்பிட நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

பெற்றோரே, உபாகமம் 22ஆம் அதிகாரத்தை எடுத்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மரத்திலோ தரையிலோ பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது என்று அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கைக்கொள்வோருக்கு வாக்களிக்கப்பட்ட பலன் நன்மையும் நீடிய ஆயுளும். தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கற்பனைக்கு வாக்களிக்கப்பட்டதும் அதே பலன்தான்! பெற்ற தாய்க்குச் செய்யும் மரியாதைக்கும் ஒரு குருவித்தாய்க்குக் காட்டும் இரக்கத்துக்கும் ஆண்டவர் ஒரே கூலியை வைத்தார்.

தரையிலுள்ள கூடு என்பது நமக்கு வெறும் பேச்சல்ல. உப்புக்கொத்திகளிலே நம் கரைகளிலேயே தங்கிக் குஞ்சு பொரிக்கும் ஓரினம் உண்டு. அது தனியினமே என்று 2023இல் ஆராய்ச்சியாளர் நிலைநாட்டி, இராமர் அணைக்கு அண்மையில் வாழ்வதால் அனுமன் பெயரை அதற்கு வைத்தார்கள். சிட்டுக்குருவியளவே உள்ள அந்தப் பறவை மணலைச் சற்றுக் கிளறி அதிலே முட்டையிடும். முட்டையும் மணலும் ஒரே நிறம். மோட்டார் சைக்கிளைக் கரையிலே ஓட்டும் வாலிபனுக்கு அது கண்ணில் படாது; அவிழ்த்துவிட்ட நாய்க்கோ தப்பாது.

கெடுத்ததைத் திருத்த ஆசைப்படுவோர் பலர். ஆனால் திருத்துவதற்கும் அறிவு வேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டில் கண்டல் நடுவது பெரிய இயக்கமானது. அந்த நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு கசப்பானது: நடப்பட்ட ஆயிரம் ஹெக்டெயருக்கு மேற்பட்ட நிலத்தில் ஏறக்குறைய இருநூறு ஹெக்டெயரே தேறியது, பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. இடமறியாமல் நட்டதே பெருங்காரணம். கண்டல் ஒருபோதும் வளர்ந்திராத வெறுஞ்சேற்றில் கன்றை ஊன்றினால் கன்றும் சாகும், பறவையின் மேய்ச்சலும் கெடும். படம் பிடிக்க மட்டும் அது நன்றாயிருக்கும்.

சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தானில் வேறு வழி கண்டார்கள். கைவிடப்பட்ட இறால் பண்ணைக் குளங்களிலே நீரோட்டத்தைச் சீர்செய்து, கண்டல் தானாக முளைக்க இடம்விட்டார்கள். இலங்கையின் கண்டற்காட்டு மீட்புப் பணியை 2024ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை உலகுக்கு முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது. அடைத்ததைத் திறந்துவிட்டால் மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

பங்குனி, சித்திரையில் விருந்தினர் திரும்பிப் புறப்படுவார்கள். அதற்கு முந்திய வாரங்களில் அவை ஓயாமல் மேயவேண்டும். துரத்தப்படும் ஒவ்வொரு முறையும் சேர்த்த பலத்திலே கொஞ்சம் வீணாகும். ஆகவே ஒரு ஞாயிறு மாலை, ஞானோபதேச வகுப்பு முடிந்ததும், கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிச்செல்லுங்கள். நாயை வீட்டிலே கட்டிவிட்டு வாருங்கள். எட்ட நின்று, எத்தனை வகை மூக்கு இருக்கிறதென்று அவர்களையே எண்ணச் சொல்லுங்கள்.