அவளிடம் சொல்லாதீர்கள்

"அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்!"

சென்னையில் நல்ல குடும்பங்கள் என்று பெயரெடுத்த பல வீடுகளில் இந்த வேண்டுகோளை நான் கேட்டிருக்கிறேன். சொல்பவர் கணவராக இருப்பார். அல்லது மூத்த மகனாக இருப்பார். அன்பினால்தான் சொல்கிறார்கள். அந்த அன்பைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும் வரையில் அதற்கே உழைத்தார். தொடக்க நாட்களில் மார்பில் புற்று என்றால் உலகில் பெரும்பாலும் ஒரே வழிதான்: அடித்தசையோடு மார்பையே அகற்றிவிடுவது. தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லாதபோது தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது என்று அன்று ஒருவர் வாதாடியிருக்கலாம்.

இன்று அந்த வாதம் செல்லாது. சிறிய கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும், மார்பையே எடுத்தாலும், ஆயுளில் வித்தியாசமில்லை என்று அமெரிக்க டாக்டர் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு 1985-ல் காட்டிவிட்டது. அதோடு, இது ஒரே வியாதியும் அல்ல. சில கட்டிகள் ஈஸ்ட்ரஜன் சுரப்பால் வளர்கின்றன. சில, ஹெர்-2 என்ற புரதத்தை மிகுதியாகச் சுமக்கின்றன. சிலவற்றில் இரண்டுமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அந்த மருந்து உடம்பிடம் வசூலிக்கிற விலையும் வேறு. டமாக்ஸிஃபென் மாத்திரை நோய் திரும்பாமல் காக்கும். அபூர்வமாகக் கருப்பையில் புற்றையும் உண்டாக்கும். டாக்ஸோரூபிசின் என்கிற சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைத் தளர்த்திவிடும். இடது மார்பில் பாய்ச்சும் கதிருக்கு அடியில் இருப்பதும் அதே இதயந்தான். பெண்ணின் இதயத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய எங்களைப் போன்ற கதாசிரியர்கள் இதை மட்டும் எழுதியதில்லை!

2018-ல் வெளியான ஓர் ஆய்வு, ஈஸ்ட்ரஜன் வகைக் கட்டி உள்ளவர்களில், அக்குளுக்கு நோய் பரவாத பலருக்குக் கீமோதெரபியே அவசியமில்லை என்று கண்டது. ஐம்பது வயதுக்கு உட்பட்ட சிலருக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. அந்தக் கொஞ்சத்துக்காக முடியை இழக்கலாமா, இனிமேல் பிள்ளை பெறும் வாய்ப்பை இழக்கலாமா? டாக்டர் கணக்கைத்தான் சொல்ல முடியும். தராசைப் பிடிக்க வேண்டியவள் அவள் அல்லவா?

"மாமி இடிந்து போய்விடுவாள், சார்" என்றார் மயிலாப்பூர் நண்பர் ஒருவர். பிரசவங்களையும் சாவுகளையும் பார்த்து, பற்றாக்குறைச் சம்பளத்தில் குடும்பத்தை நடத்திக் கரையேற்றிய மாமி இதற்கு மட்டும் இடிந்து போவாளா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

"எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற பெண்களும் உண்டு. அது அவர்கள் உரிமை. ஆனால் அதையும் அவள் வாயால் சொல்லவேண்டும். அதற்கு முதலில் அவளைக் கேட்கவேண்டும்.

பெரும்பாலும் அவளுக்குத் தெரிந்தும் இருக்கிறது. ஆட்டோ எந்த வாசலில் நிற்கிறது என்று பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாதவளா அவள்? பிள்ளைகள் கலங்குவார்களே என்று அவளும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறாள். கை ஏன் இப்படி வீங்குகிறது, மாடிப்படி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்க நினைத்ததை எல்லாம் கேட்காமலே, கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.