கைப்பிடிச் சுவர்

புது வீடு கட்டுகிறவர் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம். எவரேனும் அங்கிருந்து தவறி விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வழிபாட்டையும் நீதிமன்றத்தையும் நெறிப்படுத்திய திருச்சட்டம் கொத்தனாரின் வேலைக்குள்ளும் நுழைந்து பேசுவது வியப்பளிக்கலாம். ஆனால் அதில் அடங்கியுள்ள அறம் எளியது. என் நிலத்தில், என் பணத்தில் கட்டினாலும், என் வீட்டினால் பிறருக்கு வரும் கேட்டுக்கு நானே பொறுப்பாளி.

அக்கேடு இன்று மாடியிலிருந்து விழுவதோடு முடிவதில்லை. மணலை அள்ளி அள்ளிப் பாலாற்றுப் படுகையும் தாமிரபரணிப் படுகையும் பள்ளங்களாயின. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. பகலெல்லாம் வெயிலை உறிஞ்சிய கான்கிரீட் தளம் இரவில் அனலைக் கக்குகிறது. உறங்க முடியாமல் குளிர்சாதனம் வாங்குகிறோம். அதுவோ நம் அறையின் வெப்பத்தை அடுத்த வீட்டுச் சன்னலை நோக்கித் தள்ளுகிறது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. அதன் சாம்பல் எண்ணூர் மீனவர்களின் கழிமுகத்தில் படிந்திருக்கிறது. விழுகிறவர்களை நாம் காண்பதில்லை. ஆயினும் அவர்கள் விழுகிறார்கள்.

வேறு வழியில் கட்ட இயலாதா? இயலும் என்று காட்டியவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், க்வேக்கர் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். நல்ல கிராமத்து வீடு ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆனதாக இருக்கவேண்டும் என்று காந்தியடிகள் கூறிய கருத்தை அவர் வாழ்நாள் முழுதும் கைக்கொண்டார். திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறி’க் கட்டு முறையை அவர் பரப்பினார். இதனால் ஏறத்தாழக் கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது. சுவருக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில், கான்கிரீட் அதிகம் தேவைப்படாத இடங்களை மங்களூர் ஓடுகளால் நிரப்பினார். சிமெண்டும் எடையும் ஒருங்கே குறைந்தன. மரச் சன்னலுக்குப் பதிலாகச் செங்கற்களின் இடைவெளிகளையே காற்று புகும் வழிகளாக்கினார். நம் முன்னோர் அறிந்திருந்த முற்றமும் தாழ்வாரமும் திண்ணையும் இதே அறிவின் வடிவங்கள்தாம்.

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று எழும். ஒழுகும் கூரையின் கீழ் மழையிரவுகளைக் கழித்தவர்க்கும், கோடைதோறும் தீக்கு அஞ்சியவர்க்கும் கான்கிரீட் வீடு ஆடம்பரம் அன்று, அது மானம். திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சாதியினர் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாதென்று ஒரு காலத்தில் தடை இருந்தது. அத்தகைய நினைவுகளைச் சுமக்கும் மக்களிடம், மாடியில் அமர்ந்துகொண்டு மண்சுவரின் மேன்மையைப் போதிப்பது அறமாகாது. எளிமை மேலிருந்து கீழே ஏவப்படும்போது அது புண்ணியமாக இருப்பதில்லை, இன்னொரு தடையாகிவிடுகிறது.

பேக்கரின் பணி இதற்கு விடை தருகிறது. பூந்துறை மீனவர்க்கு அமைத்த வீடுகளிலும், பொருளியல் அறிஞர்கள் பணிபுரியும் உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையத்திலும் அவர் ஒரே சிக்கனத்தைக் கையாண்டார். பூசாத செங்கற்சுவரைப் பேராசிரியர் விரும்பி ஏற்கும்போது, அது வறுமையின் அடையாளமாக இருப்பது நின்றுபோகிறது. எனவே அளவோடு கட்டும் கடமை வசதியுள்ளவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். ஏழைக்கு நாம் செய்யக்கூடிய உதவி அறிவுரை அன்று, முன்மாதிரி.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் சுட்டிக்காட்டுகிறார். நம் கணக்கில் செங்கல் விலை வரும். அடகுக்குப் போன நகையும், நின்றுபோன மகளின் படிப்பும், இருபதாண்டுத் தவணையும் வருவதில்லை. தன் மாளிகைக்குப் பெரிய மேலறைகளையும் கேதுரு மரப் பலகைகளையும் தேடி, உழைத்தவரின் கூலியைக் கொடாத அரசனை எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் கடிந்துகொண்டார். நம் வீட்டுச் சித்தாளின் கூலியைக் குறைத்து முகப்பை அலங்கரிப்போமானால் அக்கண்டனம் நமக்கும் உரியதே.

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ திருமடல் ஏழையின் குரலையும் பூமியின் குரலையும் பிரிக்காமல் கேட்கச் சொல்கிறது. வீட்டை மனித மாண்போடு இணைத்துப் பேசும் அதே மடல், பெருகிவரும் குளிர்சாதனப் பயன்பாட்டைத் தீய நுகர்வுப் பழக்கத்துக்கு எடுத்துக்காட்டாக்குகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. எல்லாருக்கும் குளிர்ந்த நிழல் கிடைக்க வேண்டுமானால், சிலர் தேவைக்கு மேல் குளிர்ந்திருக்க முடியாது.

வீடு மந்திரிக்க அருள்பணியாளரை அழைக்கிறோம். அவர் அறைதோறும் தீர்த்தம் தெளிக்கிறார். ஆனால் அறைகளின் எண்ணிக்கை முடிவாவது அதற்கு நெடுநாள் முன்பே, வரைபடம் போடும் நாளில். இந்த வீட்டில் வாழப்போகிறவர் எத்தனை பேர்? மேற்கு வெயிலை எதனால் தடுக்கப் போகிறோம்? மணல் எங்கிருந்து வருகிறது? கூலி முழுதும் கொடுத்தாயிற்றா? குடும்பமாய் அமர்ந்து செபத்தோடு இக்கேள்விகளுக்கு விடை காண்போம். அவ்விடைகளே நம் காலத்துக் கைப்பிடிச் சுவர்.